சுங்குடிச் சேலையில் இரண்டு ஜன்னல்

ஸ்டேஷன் ரோட்டில் என்னோடு காலை நடைக்கு வருகிற முட்டிவலிக்காரிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். போன வாரம் உங்களில் ஒருத்தி, மகன் குடியிருக்கிற வெளிநாட்டு வீட்டைப் போனில் காட்டினாள். பட்டனை அமுக்கினால் ஜன்னல் திரை தானாக விலகியது. எல்லோரும் சேர்ந்து “அடேயப்பா” என்றோம். அதோடு விட்டிருக்கலாம். “நீ எங்கிட்டு வெளிநாட்டக் கண்ட? போடிய விட்டா மதுர, மதுரய விட்டா போடி” என்று என்னைப் பார்த்து ஒரு சொல் சொன்னாள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போதுதான் சுருக்கென்றது.

நானும் வெளிநாட்டில் இருந்தவள்தான். ஒன்பது வயதில், ஒரு மழைக்காலம் முழுக்க. போடிமெட்டைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் வேறு மாநிலம். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே ஜீப்பில் ஏறினோம். மேலே போய்ப் பார்த்தால் போர்டில் இருக்கிற எழுத்தை வாசிக்க முடியவில்லை. நம் ரேஷன் கார்டு செல்லாது. கடையில் உப்பு கேட்பதற்கு இரண்டு தரம் யோசிக்க வேண்டும். இது வெளிநாடு இல்லை என்றால் வேறு எது வெளிநாடு? விமானத்தில் போனால்தான் கணக்கு என்று யார் சொன்னது?

சிலமலையில் எங்கள் கிணறு வற்றிய வருஷம் அது. அப்பாவுக்கு மலைமேல் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை கிடைத்தது. தோட்டக்காரர்கள் ஸ்டோர் என்று சொல்வார்கள், பறித்த பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்துகிற கட்டடம். அதன் அடுப்புக்கு விறகு போட்டு, இரவும் பகலும் சூடு குறையாமல் பார்த்துக்கொள்கிற வேலை அப்பாவுக்கு. சூடு கூடினால் காய் கருகும், குறைந்தால் பச்சை நிறம் போய்விடும். அப்பா எந்நேரமும் புகையும் ஏலக்காயுமாக மணப்பார். அம்மா மற்றப் பெண்களோடு காய் பறிக்கப் போவாள். நானும், இன்னும் பேச்சு வராத தம்பியும் கூட வந்த சாமான்கள்.

இருக்க இடம் என்று லயத்தில் ஒரு வீடு கொடுத்தார்கள். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். எங்கள் வரிசையில் ஆறு வீடு. ஒவ்வொன்றுக்கும் ஒரே அறை, முன்னால் ஒரு ஜன்னல், பின்னால் ஒரு ஜன்னல். ஜன்னலில் கம்பி உண்டு, கதவு கிடையாது. முன் ஜன்னலை உரசிக்கொண்டுதான் ஸ்டோருக்குப் போகிற பாதை. மூட்டை தூக்குகிறவர்கள், மட்டக்குதிரைக்காரர், ஜீப்பில் லோடு ஏற்ற வருகிறவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் போவார்கள். போகிறவன் சும்மா போவதில்லை, கழுத்தைத் திருப்பி உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவான்.

அம்மா முதல் வாரம் பொறுத்தாள். கதவைப் பாதி திறந்து, கதவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற முக்கோணத்துக்குள் நின்று சேலை மாற்றினாள். இரண்டாவது வாரம் ஒருவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, தம்பிக்கு அவள் பால் கொடுப்பதைப் பார்த்தான். கையில் கிடைத்த அகப்பையை வீசினாள். அகப்பை கம்பியில் பட்டு உடைந்தது. அவன் சிரித்துக்கொண்டே போனான்.

“ஊர்ல நம்ம வீட்டுக்குத் திரை கெடந்துச்சா? இங்க மட்டும் என்னா?” என்று திரை வேண்டும் என்ற அம்மாவிடம் அப்பா கேட்டார்.

“ஊர்ல எட்டிப் பாக்குறவன் மாமனா இருப்பான், மச்சானா இருப்பான். வாய்யானு கூப்பிட்டுக் கஞ்சி ஊத்தலாம். இவன் யாரு எனக்கு?” என்றாள் அம்மா.

அன்றைக்கே டிரங்குப் பெட்டியைத் திறந்து சுங்குடிச் சேலையை எடுத்தாள். கிளிப்பச்சையில் வெள்ளைப் புள்ளி, அரக்குக் கரை. அம்மாவிடம் இருந்த நல்ல சேலைகளில் அது ஒன்று. இன்னொன்று கல்யாணச் சேலை. முழங்கையால் ஜன்னலை அளந்தாள், முழங்கையால் சேலையை அளந்தாள், அருவாமணையில் வைத்து ஒரே இழுப்பு. துணி கிழிகிற சத்தம் கேட்டு நான் காதைப் பொத்திக்கொண்டேன். இந்தச் சேலை விஷயம் பின்னால் ஊருக்குத் தெரிந்து, “ஜன்னலுக்குச் சேலை கட்டுனவ” என்று சாகிற வரைக்கும் அம்மாவைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் ஐம்பது வயது வரைக்கும் அதை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொல்லித் திரிந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தைப்பதற்கு முன்னால் துணியை அலசினாள், கஞ்சி போகட்டும் என்று. அங்கேதான் தப்பு நடந்தது. மலைமேல் ஆடி மாதத்தில் துணி அலசினால் அது காயாது. பத்து நாள் கிடந்தாலும் காயாது. கொடியில் போட்டால் சாரல் நனைக்கும், வீட்டுக்குள் போட்டால் பூஞ்சை பிடிக்கும். நாலு நாளில் சேலை முடைநாற்றம் எடுத்தது. ஐந்தாவது நாள் அப்பா அதைச் சுருட்டித் மழைக்குத் தலையில் போடுகிற தன் சாக்குக் கொங்காணிக்குள் மறைத்து ஸ்டோருக்குக் கொண்டு போனார். உள்ளே தரையோரமாகச் சூட்டுக் குழாய் ஓடும். அதன்மேல் விரித்துப் போட்டால் ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். ஸ்டோருக்குள் காயைத் தவிர எதுவும் வைக்கக் கூடாது என்பது சட்டம். தம்பியின் மூத்திரத் துணி முதல் கொண்டு எல்லா வீட்டுத் துணியும் களவாக அங்கேதான் காய்ந்தது என்பது வேறு விஷயம்.

திரும்பி வந்த சேலை அப்படி மணத்தது. பாயசத்துக்குள் தலையை விட்டது போல.

அம்மா தைத்தாள். மெஷின் இல்லை, கை ஊசிதான். அவளுடைய தையலைத் தையல் என்று சொல்ல மாட்டேன். சாக்குத் தைக்கிற மாதிரி நீள நீளமாக, கோபமாகத் தைத்தாள். ஒரு திரை இன்னொன்றைவிட நாலு விரல் குட்டை. பெரிய திரையை முன்னாலும் குட்டையைப் பின்னாலும் கட்டுக்கம்பியில் கோத்து மாட்டினாள். மாட்டிய அன்றே மலைக்காற்று திரையைத் தூக்கிக் கூரையில் அடித்தது. காற்றுக்குப் பாரம் வேண்டும். கூழாங்கல் வைத்தால் துணி கிழியும். அம்மா சுற்றிலும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் பையைப் பார்த்தாள்.

அந்தப் பையில் என் சொத்து இருந்தது. ஊரிலிருந்து கொண்டு வந்த புளியில் எடுத்த கொட்டைகள். ஒற்றையா இரட்டையா விளையாட வேறு ஆளில்லாமல், நானே எனக்கு எதிராக விளையாடிக்கொண்டிருந்த கொட்டைகள். கேட்காமலே எடுத்துத் திரையின் கீழ் மடிப்புக்குள் வரிசையாக வைத்துத் தைத்துவிட்டாள். நான் தரையில் புரண்டு அழுதேன். “ஒனக்கு வெளையாட்டு, எனக்கு மானம்” என்றாள்.

திரை அசையாமல் நின்றது. வீட்டுக்குள் பச்சை வெளிச்சம் வந்தது. அம்மா அன்றைக்குத்தான் அந்த வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

அடுத்த வீட்டில் ஒரு சேச்சி இருந்தாள். மலையாளத்துக்காரி, ஒல்லியாக, எந்நேரமும் வெள்ளை முண்டு உடுத்தியிருப்பாள். அம்மாவுக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு அம்மாவின் பாஷை அரைகுறை. ஆனாலும் கப்பைக்கிழங்கு இங்கே வரும், கருவாட்டுக் குழம்பு அங்கே போகும். ஒருநாள் சேச்சி வந்து திரையைத் தடவிப் பார்த்தாள். மடிப்பை விரலால் நெருடி, “இது எந்தா?” என்றாள். அம்மா சிரித்துக்கொண்டு விளக்கினாள். சேச்சிக்குப் பாதி புரிந்திருக்கும். திரையை இழுத்து, திறந்து, மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

அதே வாரம் நான் பள்ளிக்கூடத்தில் என் வேலையைச் செய்தேன். தோட்டத்து சூப்பர்வைசரின் மகள் என் பக்கத்தில் உட்காருவாள். அவளிடம் ரப்பர் வைத்த பென்சில் இருந்தது, ரோஜாப்பூப் போட்ட குடை இருந்தது. என்னிடம் சொல்லிக்கொள்ள என்ன இருந்தது? “எங்க வீட்டு ஜன்னல் துணி ஏலக்கா மணக்கும். உங்க வீட்டுது மணக்குமா?” என்று கேட்டுவிட்டேன். அவள் வாயைப் பிளந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த சூப்பர்வைசர் வேற்று ஆள் இல்லை. ராசிங்காபுரத்துப் பக்கம்தான், நம் பேச்சுதான். காய் எடுக்கிற காலத்தில் லயத்துக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார்: பகலில் எந்த வீட்டுக் கதவும் சாத்தியிருக்கக் கூடாது, ஜன்னலை எதுவும் மறைக்கக் கூடாது. மடியில் மறைத்துக் கொண்டு வந்த பச்சைக் காயை அடுப்புக்கு மேலே பரணில் போட்டு உலர்த்தி விற்றுவிடுவார்களாம். அதற்காக ஆறு வீட்டுப் பெண்களும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற மிட்டாய் மாதிரி இருக்க வேண்டுமாம். முதல் சில நாள் அவர் மலைக்குக் கீழே போயிருந்ததால் எங்கள் திரை பிழைத்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். பெண்கள் எல்லோரும் குழாயடியில் இருந்தார்கள். அவரோடு இரண்டு ஆட்கள். எங்கள் ஜன்னலுக்கு முன்னால் நின்று மூக்கை உறிஞ்சினார். அம்மா குடத்தைக் குழாயடியில் விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள்.

“ஏத்தா, அந்தத் துணிய அவுத்துரு.”

“எதுக்குண்ணே அவுக்கணும்?”

“வாசல்லயே மணக்குதுல்ல?”

“தோட்டத்துல சீவிக்கிற எல்லாரும் மணக்கத்தேன் செய்வோம். ஒங்க சட்டைய மோந்து பாருங்கண்ணே.”

குழாயடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கம்பி வழியாகக் கையை விட்டு மடிப்பைப் பிடித்தார். உருண்டை உருண்டையாகக் கையில் தட்டுப்பட்டது.

“இது என்னா?”

“புளியங்கொட்ட.”

“யார்ட்ட கத விடுற? சன்னலுக்கு எதுக்குப் புளியங்கொட்ட? ஸ்டோர்ல புருசன், வீட்டுல பொண்டாட்டி, நடுவுல ஒரு திரை. நல்லாத்தேன் ஏவாரம் நடக்குது.”

அப்பாவைக் கூப்பிட்டு வரச் சொன்னார். கையெல்லாம் சாம்பலோடு அப்பா வந்து நின்றார். அவர் கண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, பயந்திருக்கிறார் என்று. களவாணி என்று பெயர் விழுந்தால் அந்த மலையில் வேறு எந்தத் தோட்டத்திலும் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்க விடமாட்டார்கள். அத்தோடு, துணியை ஸ்டோரில் காயப் போட்டவரே அவர்தான். அதைச் சொன்னாலும் வேலை போகும், சொல்லாவிட்டாலும் வேலை போகும். வெகுகாலம் அப்பாவைக் கோழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பிள்ளையை வைத்துக்கொண்டு நானும் வேலைக்குப் போன பிறகுதான் அந்த முகம் எனக்கு விளங்கியது.

“இந்தா, அவுத்துக் குடுத்துரு. அவுக பாத்துட்டுப் போகட்டும்” என்றார் அப்பா.

“நான் அவுக்க மாட்டேன். திருடுனவதேன் தானா அவுத்துக் குடுப்பா. சந்தேகம் அவுகளுக்கு. அவுகளே பிரிச்சுக்கிரட்டும்.”

சூப்பர்வைசர் பிரித்தார். கத்தியால் மடிப்பை ஒரே கீறாகக் கீறினார். என் கொட்டைகள் நனைந்த வாசலில் சடசடவென்று விழுந்து உருண்டன. அவர் ஒன்றை எடுத்து உற்றுப் பார்த்தார். நம்பிக்கை வரவில்லை, கடித்தும் பார்த்தார். பல்லில் நறுக்கென்றது குழாயடி வரைக்கும் கேட்டது.

மனுஷன் அதோடு போயிருந்தால் அவருக்கும் நல்லது. இத்தனை பெண்களுக்கு முன்னால் தோற்றுவிட்டுப் போக அவருக்கு மனசில்லை. “கொட்டையோ கிட்டையோ, சட்டம் சட்டந்தேன். நாளைக்குக் காலைல வருவேன். எந்தச் சன்னல்லயாச்சும் துணி கெடந்துச்சு, அந்த வீட்டுச் சட்டி பான மொதக்கொண்டு ஜீப்புல ஏத்தி மெட்டுல எறக்கி விட்ருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அம்மா குழாயடிக்குத் திரும்பினாள். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேச்சிமேல் பாய்ந்தது. “முந்தாநேத்து நீதேன வந்து மடிப்பத் தடவிப் பாத்த? போயிப் பத்த வச்சிட்டியா?” என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினாள். சேச்சி குடத்தைக் கீழே வைத்தாள். “ஞான் ஒண்ணும் பறஞ்ஞில்லா” என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம். அம்மா காது கொடுக்கவில்லை. சேச்சி தளும்பத் தளும்பக் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றிருந்தேன். பத்த வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா கெஞ்சினார். “மழைல பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க போறது? கிணத்துல தண்ணி இருந்தா நான் எதுக்கு இங்க வர்றேன்?” என்றார். அம்மா மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். பாதி கொட்டை சேற்றில் போய்விட்டதால் அடுப்பில் கிடந்த செங்கல் துண்டுகளை உடைத்து வைத்தாள். தைத்து முடித்துத் திரையை மாட்டினாள். பிறகு சட்டி பானையைக் கழுவி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, சாக்கில் கட்டி வாசல்படிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“எறக்கி விட்டா எறங்கிக்கிருவோம். அவுக்கச் சொல்லி மட்டும் என்ட்டச் சொல்லாதீக” என்றாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் நான்தான் முதலில் வெளியே வந்தேன். மழை விட்டிருந்தது. பக்கத்து ஜன்னலைப் பார்த்தேன். சேச்சியின் வெள்ளை முண்டு ஒன்று, சரிகைக் கரை கீழே தெரிய, ஜன்னலை மூடித் தொங்கியது. ஊசிபடாத துணி, நாலு ஆணியில் அடித்தது. அதற்கு அடுத்த வீட்டில் கட்டம் போட்ட கைலி. அதற்கு அடுத்ததில் சாக்கு. பிறகு ஒரு தாவணி, கடைசியில் குழந்தையைப் போர்த்துகிற துண்டு. ஆறு வீடு, ஆறு ஜன்னல், ஒன்றில்கூட உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அம்மா வந்து பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்து, மறுபடி சேச்சியின் ஜன்னலுக்கு வந்து நின்றுவிட்டாள்.

சூப்பர்வைசர் ஜீப்போடுதான் வந்தார். இறங்கியவர் வரிசையை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் பார்த்தார். காய் முற்றி நிற்கிற நேரம். இரண்டு நாள் தள்ளினால் பழுத்து வெடித்து எலிக்கும் அணிலுக்கும் போய்விடும். ஆறு வீட்டுப் பெண்களையும் மெட்டில் இறக்கிவிட்டு, அவரே குனிந்து காய் பறிப்பாரா? பெண்கள் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு அவரவர் வாசலில் நின்றார்கள்.

“என்னா வேடிக்க? சோலிக்கு வெரசா வாங்க” என்று சொல்லிவிட்டு ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனார்.

அப்பா வாசலில் இருந்த சாக்கைத் தூக்கிக் கொண்டு போய் உள்ளே வைத்தார். வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு அன்று பள்ளிக்கூடத்தில் எதுவும் ஏறவில்லை. ஏச்சு வாங்கிய சேச்சி ஏன் கட்டினாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அம்மா காட்டிலிருந்து வந்ததும் சொல்லிவிட்டேன். ஏலக்காய் மணக்கும் என்று பீற்றியதிலிருந்து, குழாயடியில் வாயை மூடிக்கொண்டு நின்றது வரைக்கும். நறுக்கென்று தலையில் ஒரு குட்டு விழுந்தது. அடுத்த அடிக்குக் காத்திருந்தேன், வரவில்லை. அம்மா என் கையைப் பிடித்தாள். அப்படியே குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே எல்லோரும் இருந்தார்கள். சேச்சி குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் கூப்பிட்டு அம்மா தனியாகச் சொல்லியிருக்கலாம். நாமாக இருந்தால் அப்படித்தான் செய்வோம். இல்லாவிட்டால் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்பிவிட்டுச் சொன்னதாக நினைத்துக்கொள்வோம்.

“சேச்சி, ஒன்னியச் சொன்னது தப்பு. சொன்னது எம் மகதேன். நேத்து இத்தன பேருக்கு முன்னாடி ஏசுனேன்ல, இத்தன பேருக்கு முன்னாடியே சொல்றேன். நீ சொல்லல. நாந்தேன் தப்பு” என்றாள். நேற்றுக் கத்திய அதே சத்தத்தில் சொன்னாள். குரல் தணியவில்லை, தலை குனியவில்லை.

சேச்சி குழாயை மூடினாள். அம்மாவைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். அம்மாவின் பிடியில் அது வெளுத்துப் போயிருந்தது. “மதி. குட்டியை விடு” என்றாள். போதும், பிள்ளையை விடு என்று. சொன்னதோடு நிற்காமல் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என் கையை எடுத்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நீ எங்கிட்டு வெளிநாட்டைக் கண்டாய் என்றுதானே கேட்டீர்கள்? அங்கே தலை நிமிர்ந்து நின்று தன் தப்பைச் சொன்ன ஒரு பொம்பளையைப் பார்த்தேன். திரும்பி வந்து இத்தனை வருஷம் ஆயிற்று, இந்தப் பக்கம் இன்னொருத்தியை நான் இன்னும் பார்க்கவில்லை. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், என்னையும் சேர்த்துத்தான்.